செயலி திறந்துவிடும், மூடுவது யார்? மாடித்தோட்டத்துக்குத் தானியங்கிப் பாசனம்: முழுமையான வழிகாட்டி

கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 40 க்ரோ பேக்குகள் இருக்கின்றன. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பந்தலில் புடலையும் பாகலும், ஓரமாகக் கீரைத் தொட்டிகள். கையால் தண்ணீர் ஊற்றினால் காலையில் முக்கால் மணி நேரம் போய்விடும். சித்திரையில் இரண்டு நாள் வெளியூர் போனால் திரும்பி வரும்போது வெண்டை தலையைத் தொங்கப்போட்டிருக்கும். அதனால்தான் கைப்பேசிச் செயலி மூலம் தண்ணீர் பாய்ச்சும் ஏற்பாட்டை நானே செய்துகொண்டேன். இப்போது அது நம்பிக்கையாக ஓடுகிறது.

இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, 'எந்தச் செயலி நல்லது?' என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, 'உங்கள் தண்ணி டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?' என்று. காரணம் இருக்கிறது. ராச்சியோ, ரெயின் பேர்ட், ஹண்டர் போன்ற பெயர்பெற்ற ஸ்பிரிங்ளர் கருவிகள் அமெரிக்க வீடுகளின் புல்தரைக்காக உருவானவை. அங்கே தெருக்குழாயிலிருந்தே தண்ணீர் 3, 4 பார் அழுத்தத்தோடு வீட்டுக்குள் வருகிறது. நம் வீட்டில் மோட்டார் போட்டு மேலே ஏற்றி, டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். மாடியில் இருக்கும் செடிக்கும் டேங்குக்கும் நடுவே இரண்டு, மூன்று மீட்டர்தான் உயரம். அந்த ஊர்க் காணொளிகளைப் பார்த்து அப்படியே வாங்கிப் பொருத்தினால் வால்வு திறக்காது, இல்லையென்றால் திறந்தது மூடாது. அதனால் செயலியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

தண்ணீரின் உயரத்தை அளப்பது

தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் க்ரோ பேக்கின் வாய்க்கும் இடையே உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். எங்கள் டேங்க் மாடிப்படி அறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிரம்பியிருந்தால் 3 மீட்டர், சாதாரண நாளில் இரண்டரை மீட்டர். அதாவது 0.25 பார்.

இந்த ஒரு எண்ணிலிருந்து பல முடிவுகள் தாமாக வந்துவிடும். கடையில் கிடைக்கும் டிரிப்பரில், அதாவது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முனையில், மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருந்தால் அது 1 பார் அழுத்தத்தில் வரும் அளவு. சாதாரண டிரிப்பரில் தண்ணீர் வரும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். அழுத்தம் கால் பங்கானால் தண்ணீர் பாதியாகும். ஆக, எங்கள் மாடியில் 4 லிட்டர் டிரிப்பர் மணிக்கு 2 லிட்டர்தான் கொடுக்கிறது. அது போதும். நேரத்தைக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.

'அழுத்தத்தைச் சமன் செய்யும்' டிரிப்பர் என்று கொஞ்சம் விலை கூடுதலாக ஒன்று விற்பார்கள். தோட்டங்களில், மோட்டார் அழுத்தத்தில், அது அருமையான பொருள். மாடி டேங்குக்கு அது வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு வேலை செய்ய அரை பாருக்கு மேல் அழுத்தம் தேவைப்படும். நம்மிடம் அது இல்லை.

டேங்கில் துளை எங்கே போடுவது

தோட்டத்துக்கான குழாயை டேங்கின் அடியில் ஏற்கெனவே இருக்கும் குழாயிலிருந்து பிரிக்காதீர்கள். பிளம்பரிடம் சொல்லி, டேங்கின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் தனியாகத் துளை போட்டு, முக்கால் அங்குல டேங்க் நிப்பிள் பொருத்தச் சொல்லுங்கள். 1,000 லிட்டர் டேங்க் என்றால், என்ன கோளாறு நடந்தாலும் அடியில் 300 லிட்டருக்குக் குறையாமல் வீட்டுக்கு நிற்கும். தோட்டத்தால் அதைத் தொட முடியாது. மின்சாரமோ இணையமோ தேவைப்படாத பாதுகாப்பு இது. இந்த ஏற்பாடு முழுவதிலும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

துளையை மேலே போட்டால் அழுத்தம் குறையாதா என்று எங்கள் பிளம்பர் கேட்டார். குறையாது. அழுத்தம் தண்ணீரின் மேல்மட்டத்தைப் பொறுத்தது. குழாய் எந்த இடத்தில் கிளம்புகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் துளைக்குக் கீழே இறங்கியதும் தோட்டத்துக்குப் பாய்வது நின்றுவிடும் என்பதால், அழுத்தம் ஒரேயடியாக விழாமல் ஓரளவு சீராகவும் இருக்கும்.

நிப்பிளை ஒட்டியே கையால் திருப்பும் ஒரு பால் வால்வு, அடுத்து 120 மெஷ் ஃபில்டர், அதற்கு அடுத்துத்தான் தானியங்கி வால்வு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஃபில்டரில் சிக்காமல் வந்த ஒரு மணல் துகள் போதும், தானியங்கி வால்வு முழுதாக மூடாமல் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்.

எந்த வால்வு

பலர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். பாசனக் கடைகளில் கிடைக்கும் சோலனாய்டு வால்வில் இருக்கும் காந்தம் தண்ணீரை நேரடியாகத் தடுப்பதில்லை. அது ஒரு சிறு துளையை மட்டும் திறந்து மூடுகிறது. பெரிய வாயை மூடுவது ஒரு ரப்பர் தகடு, அந்தத் தகட்டை அழுத்திப் பிடிப்பது தண்ணீரின் அழுத்தமேதான். அழுத்தம் போதவில்லை என்றால் தகடு சரியாக எழும்பாது, எழும்பினாலும் சரியாக உட்காராது. தோட்டத்துக்கான வால்வுகளில் பல 1 பாராவது எதிர்பார்க்கும். வாஷிங் மெஷினில் இருப்பது போன்ற சிறிய 12 வோல்ட் பிளாஸ்டிக் வால்வுகளும் குறைந்தது 0.2 பார் கேட்கும். எங்கள் மாடியில் அது விளிம்பில் நிற்கும் கணக்கு. டேங்க் பாதியானதும் கசியத் தொடங்கியது, கழற்றி வைத்துவிட்டேன்.

மாடி டேங்குக்குப் பொருத்தமானது மோட்டார் பால் வால்வு. உள்ளே துளையிட்ட ஒரு உருண்டையைச் சிறிய மோட்டார் கால் சுற்றுத் திருப்புகிறது. அழுத்தமே இல்லாவிட்டாலும் திறக்கும், மூடும். திறக்க ஐந்து முதல் பத்து விநாடி ஆகும், அவ்வளவுதான். இதில் இரண்டு கம்பி வகையில், மின்சாரம் கொடுத்தால் திறந்து, மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் வகை என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு மின்தேக்கி இருக்கும். மின்சாரம் நின்றதும் அதில் சேர்ந்திருக்கும் சக்தியால் வால்வு தன்னை மூடிக்கொள்ளும். நம்மூர் மின்தடைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வால்வு திறந்த பிறகு அந்த மின்தேக்கி நிரம்ப அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகும். சோதனை செய்கிறேன் என்று திறந்த பத்தாவது விநாடியே அணைத்தால் அது பாதியில் நின்றுவிடும், நீங்களும் வால்வு பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள். எப்போதும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் டேங்கில் கை வைக்க முடியாது. அவர்களுக்கு, குழாய் வாயில் திருகி மாட்டும் பேட்டரி டைமர் இருக்கிறது. புளூடூத்திலோ, ஜிக்பீ என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பிலோ செயலியோடு பேசும். வீட்டுக்கு வெளியே இருந்து இயக்க, பெரும்பாலும் அதை இணையத்தோடு சேர்க்கும் ஒரு ஹப் தனியாக வாங்க வேண்டியிருக்கும். வாங்குமுன் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன என்று பாருங்கள். 0 பார் என்று இருந்தால் உள்ளே பால் வால்வு, வாங்கலாம். 0.5 பார் என்று இருந்தால் டேங்க் குழாய்க்கு உதவாது.

குழாய் இழுப்பதும் பாட்டில் சோதனையும்

16 மி.மீ. கறுப்பு லேட்டரல் குழாயை வரிசைக்கு ஒன்றாக இழுத்து, ஒவ்வொரு பைக்கும் 4 மி.மீ. மைக்ரோ டியூப் எடுத்து, முனையில் டிரிப்பர் மாட்டினால் போதும். குழாய் கறுப்பாகவே இருக்கட்டும். வெளிச்சம் ஊடுருவும் குழாயில் பத்து நாளில் பாசி பிடிக்கும். ஒரே குழாயில் 40 டிரிப்பரையும் தொடராகப் போடாமல் 20, 20 ஆகப் பிரித்தேன். குறைந்த அழுத்தத்தில் குழாய் நீண்டுகொண்டே போனால் கடைசிப் பைகள் காய்ந்துவிடும்.

மாட்டி முடித்ததும் பத்து காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். முதல் டிரிப்பர், நடுவில் சில, கடைசி என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு பாட்டில். அரை மணி நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் பையில் 1,050 மில்லி, கடைசியில் 700 மில்லி வந்தது. மாடித் தளம் மழைநீர் போக ஒரு பக்கம் சரிந்திருப்பதால், மேட்டுப் பக்கம் இருந்த பைகளுக்குக் குறைவு. குறைந்த அழுத்தத்தில் ஒரு சாண் உயரம்கூடக் கணக்கில் வரும். தண்ணீர் அதிகம் குடிக்கும் தக்காளியைப் பள்ளப் பக்கமும், மிளகாயை மேட்டுப் பக்கமும் மாற்றி வைத்தேன். இன்னும் குறைந்த இரண்டு இடங்களில் கூடுதலாக ஒரு டிரிப்பர். அதோடு தீர்ந்தது.

ஒரு பைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். முந்தின நாள் காலையில் நன்றாக நனைத்த பைக்கு, மறுநாள் அதே நேரத்தில் அளவுக் குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளையில் முதல் சொட்டு எட்டிப்பார்க்கும்போது நிறுத்துங்கள். ஊற்றிய அளவுதான் அந்தச் செடி ஒரு நாளில் செலவழித்தது. மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். காய்ப்பில் இருக்கும் தக்காளி 12 அங்குலப் பையில், வெயில் நாளில் ஒன்றரை லிட்டர் வரை கேட்டது. ஐப்பசியில் அதே பை அரை லிட்டரில் நிறைந்தது.

மின்பெட்டி

மாடிக்கு 230 வோல்ட்டைக் கொண்டுபோக வேண்டாம். ஈரமும் வெறுங்காலும் இருக்கும் இடம் அது. அடாப்டரையும், செயலி சொல்வதைக் கேட்டு வால்வுக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் வைஃபை ரிலே பலகையையும் மாடிப்படி அறைக்குள் ஒரு மூடிய பெட்டியில் வைத்து, வால்வுவரை 12 வோல்ட் கம்பியை மட்டும் பிவிசி குழாய்க்குள் இழுங்கள். வால்வு எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, 1 சதுர மி.மீ. இரட்டைக் கம்பி தாராளமாகப் போதும். அடாப்டர் இருக்கும் பிளக்குக்கு மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

பெட்டியை உள்ளே வைப்பதில் இன்னொரு லாபம் வைஃபை. கான்கிரீட் தளத்தைத் தாண்டி அலை மேலே வருவது கஷ்டம். பொருத்துவதற்கு முன்பே கைப்பேசியை அந்த இடத்தில் வைத்து ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். திக்கினால், படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர் தேவை.

ரிலே பலகையில் நான் தேடுவது மூன்று வசதிகள். 12 வோல்ட்டில் நேரடியாக ஓட வேண்டும். 'இன்ச்சிங்' இருக்க வேண்டும், அதாவது ஆன் ஆன பிறகு குறித்த நேரத்தில் பலகையே தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். வரிசைகள் இரண்டு, மூன்று இருந்தால் 'இன்டர்லாக்' வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான் திறக்கும். நமக்கு இருக்கும் அழுத்தத்தில் இரண்டு வரிசை சேர்ந்து திறந்தால் இரண்டுக்குமே போதாது. ஈவீலிங்க் செயலியோடு வேலை செய்யும் நான்கு ரிலே பலகைகள் சிலவற்றில் இந்த வசதிகள் கிடைக்கின்றன. ஸ்மார்ட் லைஃப் செயலிக்கான பலகைகளிலும் உண்டு, வாங்குமுன் விவரத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

செயலியில் சேர்ப்பது

இது பத்து நிமிட வேலை, தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். இந்தப் பலகைகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். வீட்டு ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் சேர்க்கும்போது குழப்பம் வரும். ரூட்டர் அமைப்பில் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். கைப்பேசியை 2.4 இருக்கும் பெயரில் இணைத்து, இருப்பிட அனுமதியைக் கொடுத்து, விபிஎன் ஏதும் இருந்தால் அணைத்துவிடுங்கள். பலகையின் பொத்தானை ஐந்தாறு விநாடி அழுத்தினால் விளக்கு வேகமாக மின்னும். செயலியில் கூட்டல் குறியைத் தொட்டு, வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தால் சேர்ந்துவிடும். சேர்ந்ததும் 'ஸ்விட்ச் 1' என்றே விட்டுவிடாமல், 'காய்கறி', 'கீரை' என்று தமிழிலேயே பெயர் வைத்துவிடுங்கள். வீட்டில் அம்மாவோ பிள்ளைகளோ இயக்கும்போது குழப்பம் இருக்காது. நேர மண்டலம் இந்தியா என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூடுவதை உறுதி செய்வது

முதல் வருடம் நான் செய்திருந்த ஏற்பாடு வேறு. காலை 5.30க்குத் திற என்று ஒரு கட்டளை, 6 மணிக்கு மூடு என்று இன்னொன்று. இரண்டும் இணையம் வழியாக வருபவை. வால்வும் மின்சாரம் போனால் போன நிலையிலேயே நிற்கும் வகை. மார்கழியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தோம். 5.30க்கு வால்வு திறந்தது. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் திரும்ப வந்தபோது ரூட்டர் இணையத்தில் சேரவில்லை, 6 மணிக் கட்டளை வந்து சேரவே இல்லை. டேங்க் குறையக் குறைய, மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்து போர் மோட்டாரைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தது. மாலையில் கீழ் வீட்டு அக்கா, 'தம்பி, உங்க மாடியிலருந்து காலையிலருந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்குதுங்க' என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அத்தனை தண்ணீர். போரில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் ஊரில் அது மனதை ரொம்ப வருத்தியது.

அன்றிலிருந்து என் விதி ஒன்றுதான்: திறக்கும் கட்டளை எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், மூடும் வேலை மாடியிலேயே முடிய வேண்டும். அதற்காகச் செய்தவை இவை.

செயலியில் ஒவ்வொரு ரிலேவுக்கும் இன்ச்சிங்கை இயக்கி, 30 நிமிடம் என்று வைத்தேன். இது பலகைக்குள்ளேயே பதிவாகிவிடும். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முப்பதாவது நிமிடம் ரிலே அணையும். அட்டவணையில் இப்போது திறக்கும் நேரங்கள் மட்டும்தான், மூடும் கட்டளை என்று எதுவும் கிடையாது. அடுத்து, மின்சாரம் திரும்ப வரும்போது எந்த நிலை என்ற அமைப்பை 'அணைந்த நிலை' என்று மாற்றினேன். 'முந்தைய நிலை' என்று இருந்தால் மின்தடைக்குப் பிறகு தானே திறந்துகொள்ளும். மூன்றாவதாக, டேங்கின் பாதி உயரத்தில் ஒரு சிறிய மிதவை சுவிட்சைத் தொங்கவிட்டு, வால்வுக்குப் போகும் 12 வோல்ட் கம்பியை அதன் வழியாகக் கொண்டுபோனேன். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் கம்பி துண்டாகும், வால்வு தானே மூடும். செயலிக்கு இது தெரியவே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இப்போது சோதனை. ரிலேவை ஆன் செய்து, இரண்டு நிமிடம் கழித்து ரூட்டரை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். நேரத்துக்கு மூடியதா? அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போது அடாப்டரைப் பிடுங்குங்கள். வால்வு மூடியதா? திரும்பச் செருகுங்கள். மூடியே இருக்கிறதா? மிதவையைக் கையால் தொங்கவிட்டுப் பாருங்கள். நான்கும் சரியாக நடந்தால்தான் இந்த ஏற்பாட்டை நம்பி வீட்டைப் பூட்டலாம்.

மின்சாரம் போனால் பலகை மணி என்ன என்பதையே மறந்துவிடும். திரும்ப இணையத்தில் சேர்ந்து மணியைத் தெரிந்துகொண்டால்தான் அட்டவணை ஓடும். ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் அதே 12 வோல்ட்டில் பலகைக்கும் ஒன்று வைத்துவிடலாம்.

அட்டவணையும் பருவமும்

தேங்காய் நார்க்கழிவு கலந்த பைக்கு ஒரேயடியாக ஊற்றினால் பாதி அடியில் ஓடிவிடும். காலை 5.30க்கு ஒன்று, வெயில் காலத்தில் மாலை 4.30க்கு இன்னொன்று என்று பிரித்தால் அதே அளவு தண்ணீரில் செடி செழிப்பாக இருக்கிறது. இன்டர்லாக் போட்டிருப்பவர்கள் இரண்டாவது வரிசையை முதல் வரிசை முடிந்து ஐந்து நிமிடம் கழித்து வையுங்கள். நேரம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் இரண்டாவது திறந்து முதலாவதை அணைத்துவிடும்.

பருவத்துக்கு ஏற்ப நிமிடத்தை மாற்ற மறந்துவிடுவோம் என்பதால், தமிழ் மாதப் பிறப்பன்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பங்குனி பிறந்தால் மாலை வேளையைச் சேர்ப்பேன், கத்திரி வெயிலில் இரண்டு வேளையும் முழு 30 நிமிடம். ஐப்பசி, கார்த்திகையில் காலையில் மட்டும் 10, 15 நிமிடம். பலர் ஏமாறுவது ஆடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையில் அடிக்கும் அடியில், வெயில் இல்லாத நாளில்கூட இலை வழியாகவும் பை வழியாகவும் ஈரம் போய்விடும். வானம் மூட்டமாக இருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் இரண்டே நாளில் பாகல் இலை ஓரம் கருகும்.

'மழை பெய்தால் தண்ணீர் விடாதே' என்ற வசதியிலும் இதே சிக்கல்தான். ஸ்மார்ட் லைஃப் போன்ற செயலிகளில் வானிலை என்பது வெயில், மேகம், மழை என்ற சொல்லாகத்தான் இருக்கிறது. ஆடிச் சாரல் விழுந்தாலும் அதற்கு மழைதான். அந்தச் சாரல் இலையை நனைக்கும், பைக்குள் இறங்காது. ஒருமுறை மூன்று நாள் செயலி தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தது, மண்ணில் விரலை விட்டால் பொடியாக இருந்தது. அதற்கு மாறாக, சித்திரையில் திடீரென்று இடி இடித்துக் கொட்டும் கோடை மழை செயலியின் கணிப்பில் வராமலே போகலாம். அதனால் எங்கள் வீட்டில் காலைத் தண்ணீருக்கு வானிலை நிபந்தனை எதுவும் இல்லை. மாலைத் தண்ணீருக்கு மட்டும் வைத்திருக்கிறேன்: வெப்பநிலை 33 டிகிரிக்கு மேல் இருந்தால் திற, இல்லாவிட்டால் வேண்டாம். இப்படிப்பட்ட நிபந்தனைகள் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரில் ஓடுபவை. இணையம் இல்லாத நாளில் அது நடக்காமல் போனாலும், காலைத் தண்ணீரை நம்பிச் செடி மறுநாள்வரை தாங்கும். ஐப்பசி அடைமழையில் நானே செயலியைத் திறந்து அட்டவணையை நிறுத்திவிடுவேன்.

சிலர் மழை அளவு மி.மீ. கணக்கில் கொடுக்கும் கருவி வைத்திருப்பார்கள். அவர்கள் 5 மி.மீ.க்குக் கீழே பெய்ததை மழையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 12 அங்குலப் பையின் வாய் ஒரு சதுர மீட்டரில் பதினான்கில் ஒரு பங்குதான். 5 மி.மீ. பெய்தாலும் பைக்குள் ஏறக்குறைய 350 மில்லிதான் விழுகிறது. அதிலும் இலைகள் ஒரு பங்கைத் தடுத்துவிடும்.

மண் ஈர உணரி வைத்துப் பார்த்தேன். இரண்டு முள் வெளியே தெரியும் மலிவான வகை இரண்டு மாதத்தில் அரித்துப்போனது. கெபாசிடிவ் வகை தாக்குப்பிடிக்கிறது, ஆனால் நார்க்கழிவில் அது காட்டும் எண்ணும் செம்மண்ணில் காட்டும் எண்ணும் வேறு வேறு. காய்ந்த பையில் ஒரு எண், நனைந்து வடிந்த பையில் ஒரு எண் என்று நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பையில் மட்டும் உணரியை வைத்து அதன் பேச்சைக் கேட்டு 40 பைக்கும் தண்ணீர் திறப்பதை நான் ஏற்கவில்லை. மிக அதிகம் குடிக்கும் பையில் அதை வைத்து, ரொம்பக் காய்ந்தால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி மட்டும் வைத்திருக்கிறேன். டிரிப்பர் அடைத்துக்கொண்டதை அது இரண்டு முறை காட்டிக் கொடுத்திருக்கிறது.

பராமரிப்பு

சிறுவாணித் தண்ணீரில் பிரச்சினை இல்லை. போர் உப்புத் தண்ணீர் என்றால் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரிப்பர்களைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டால் கரைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை லேட்டரல் குழாயின் கடைசி எண்ட் கேப்பைத் திறந்து அழுக்குத் தண்ணீரை ஓடவிடுங்கள். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் எதையும் இந்தக் குழாயில் விடாதீர்கள், எவ்வளவு வடிகட்டினாலும் அடைக்கும். அவற்றைக் கையால்தான் ஊற்ற வேண்டும், செடியை நின்று பார்க்க அது ஒரு நல்ல சந்தர்ப்பமும்கூட.

கோடையில் மைக்ரோ டியூப் ஆங்காங்கே கடிபட்டிருக்கும். அணில். தாகத்துக்குத்தான் கடிக்கிறது. நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு எங்கள் வீட்டில் அது நின்றுவிட்டது.

புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் வேண்டும் என்பவர்களுக்கு

தரையில் புல்லோ பூச்செடிப் பாத்தியோ இருப்பவர்களுக்குத் தண்ணீரைத் தூவும் ஸ்பிரிங்ளர் தேவைப்படலாம். சிறிய மைக்ரோ ஸ்பிரிங்ளர் ஒழுங்காகச் சுற்றவே 1 பாருக்கு மேல் வேண்டும், புல்தரையில் எழும்பும் வகைக்கு 2 பார் வேண்டும். அதற்குத் தனி பம்பு தவிர வழியில்லை. பம்பை ஸ்மார்ட் பிளக்கில் நேரடியாக மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், பிளக்குக்குள் இருக்கும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் செயலியில் அணைந்தது என்று காட்டும், பம்பு ஓடிக்கொண்டிருக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்து நடுவில், அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான ஒரு கான்டாக்டர் போடுங்கள். பம்பு அழுத்தம் இருக்கும் இந்த இடத்தில் சோலனாய்டு வால்வு நன்றாக வேலை செய்யும், அமெரிக்கக் கருவிகளும் பொருந்தும். அவை 24 வோல்ட் ஏசியில் ஓடுபவை. அங்கிருந்து கொண்டுவந்தது என்றால் கூட வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் பிளக்கில் செருகினால் அன்றோடு முடிந்தது. 230 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட் ஏசி கொடுக்கும் மின்மாற்றி தனியாக வாங்க வேண்டும்.

தூவும் தண்ணீரை விடியற்காலையில் வையுங்கள். மாலையில் வைத்தால் இலை இரவெல்லாம் ஈரமாக இருந்து புள்ளி நோய் வரும்.

ஊருக்குப் போகும்போது

கிளம்ப இரண்டு நாள் முன்பே ஃபில்டரைக் கழுவி, ஒவ்வொரு டிரிப்பரிலும் சொட்டு விழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவேன். கீரைத் தொட்டிகளை நிழலுக்கு நகர்த்துவேன். காய்த்திருப்பதை எல்லாம் பறித்துக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். டேங்க் அருகே கையால் திருப்பும் அந்த பால் வால்வின் பிடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, பக்கத்தில் 'இப்படித் திருப்பினால் தோட்டத் தண்ணீர் நிற்கும்' என்று அம்புக்குறி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கீழ் வீட்டு அக்காவை மாடிக்குக் கூட்டிப்போய் ஒருமுறை திருப்பவும் வைத்தேன். 'இவ்வளவுதானுங்களா தம்பி' என்றார். மாடிச் சாவி ஒன்று இப்போது அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.